நடுகல்லும் வாழும் மறவரும்

கல்வராயன் மலைக்கு வடக்கே, செங்கம் வட்டாரத்து எடத்தனூரில் கண்டெடுக்கப்பெற்ற நடுகல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. எருமைகளைக் காக்கும் பூசலில் வீழ்ந்த வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற 'கோவிவன்' என்ற நாயின் பெயரையும் அது தாங்கி நிற்கிறது. நாயின் நன்றியையும் மறவாத மண் இது!

ஆனால், நடுகல் மாண்டவர்க்கே உரியது. களத்திலிருந்து மீண்டு, ஊரில் மூத்துத் தளர்ந்தவர்க்கு யாது செய்தோம்? 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாளாகக் கொண்டாடப்பெறுகிறது. தளபதி கரியப்பா 1953-இல் ஓய்வுபெற்ற ஜனவரி 14, 2016 முதல் முன்னாள் படைவீரர் நாளாயிற்று. 1971-ஆம் ஆண்டுப் போரில் இருபது வயதில் நின்றவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். கொடிக்குக் காசு இடுவதோடு நம் கடன் தீர்ந்துவிடுமா? கள்ளக்குறிச்சியிலோ மலையூர்களிலோ அத்தகையவர் இருப்பின், அவர் திண்ணையில் அமர்ந்து செவிசாய்ப்போம்; கேட்டதை எழுதிவைப்போம். கல் பேசும்வரை காத்திருத்தல் வேண்டா.