ஹெட் ஸ்டார்ட்: நிதி முடக்கக் காலங்களில்

அமெரிக்க ஏழைக் குடும்பங்களின் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்காக, 1965-இல் லிண்டன் ஜான்சன் ஆட்சியில் தொடங்கிய திட்டம் ஹெட் ஸ்டார்ட். கல்வியோடு உணவும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. இதற்கான கூட்டரசு நிதி, மாநிலங்களைத் தொடாமல் உள்ளூர் அமைப்புகளுக்கு நேரே செல்கிறது. மானிய ஆண்டு தொடங்கும் மாதம் அமைப்புக்கு அமைப்பு வேறுபடும். எனவே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிதி ஒதுக்கீட்டை நிறைவேற்றத் தவறி அரசு முடங்கினாலும், இவ்வமைப்புகள் நடத்தும் எல்லா மையங்களும் ஒரே நாளில் மூடப்படுவதில்லை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மானியம் புதுப்பிக்கப்பட வேண்டியவையே முதலில் சிக்குகின்றன.

2013 அக்டோபரில், 16 நாள் முடக்கத்தின்போது பல மாநிலங்களில் மையங்கள் மூடின. ஹூஸ்டனைச் சேர்ந்த ஜான், லாரா ஆர்னால்டு தம்பதி ஒரு கோடி டாலர் வரை தர முன்வந்தனர். அரசின் கடமை தனியார் ஈகையை எதிர்பார்த்து நின்ற விந்தை அது. 2018–19-இன் 35 நாள் முடக்கம் திட்டத்தைப் பாதிக்கவில்லை. அதற்குப் பொறுப்பான துறைக்கான ஒதுக்கீடு முன்பே நிறைவேறியிருந்தது. 2025-இல் முடக்கம் 43 நாள் நீண்டது. நவம்பரில் மையங்கள் மூடிய அதே வாரத்தில் ஏழைகளுக்கான உணவு உதவியும் தடைபட்டது. குழந்தையை விட்டுச்செல்ல இடமில்லாத பெற்றோர், குறிப்பாக மணிக்கணக்கில் ஊதியம் பெறுவோர், வருமானத்தையும் இழந்தனர்.

மைய ஆசிரியர்கள் கூட்டரசு ஊழியர்கள் அல்லர். முடக்கம் முடிந்ததும் நிலுவைச் சம்பளம் வழங்கும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது.