ஐந்தாவது சக்கரம் பிறந்த கதை

சிதம்பரத்தில் ஆனித் தேர் கீழவீதியிலிருந்து கிளம்பி, தெற்கு வீதி முனையில் திரும்புகிற நேரத்தில் எல்லார் கண்ணும் வடத்தின் மேல் இருக்கும். வேலை நடப்பதோ சக்கரத்தடியில். தேரின் அச்சு இறுகியது, தானாகத் திரும்பாது. ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து, மறுபக்கத்தை இழுக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தேரின் முகத்தைத் திருப்புகிறார்கள். உயிரைப் பணயம் வைத்துச் செய்கிற வேலை அது.

நாலு சக்கர வண்டி எதற்கும் இந்தச் சிக்கல் உண்டு. மேல்நாட்டில் குதிரை வண்டி கட்டியவர்கள் முன் அச்சுக்கும் வண்டிக் கூட்டுக்கும் நடுவே ஓர் இரும்பு வளையத்தைப் படுக்க வைத்து, மையத்தில் ஆணி அடித்தார்கள். கூடு நேராக நிற்க, அடியில் அச்சு மட்டும் வளையத்தில் உரசித் திரும்பியது. தரையையே தொடாத அந்த வளையத்துக்கு ஐந்தாவது சக்கரம் என்று பேர் வந்தது.

மோட்டார் வந்த பிறகு அதற்கு மறுபிறவி. 1914-ல் டெட்ராய்ட் நகரத்தில் ஃப்ரெடெரிக் சிப்லி என்ற மர வியாபாரி, தம் படகைக் கோடை வாசஸ்தலத்துக்குக் கொண்டுபோக வழி கேட்டு ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம் போனார். கொல்லர் ஒரு வண்டி செய்து ஃபோர்டு மாடல் டி காரின் பின்னால் பூட்டிக் கொடுத்தார். படகு ஊர் போய்ச் சேர்ந்தது. மரம் ஏற்றவும் அதே மாதிரி வேண்டும் என்றார் சிப்லி. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சார்லஸ் மார்ட்டின், ஹெர்மன் ஃபார் ஆகியோர் கையில் அந்த இணைப்பு இன்றைய உருவத்தை நெருங்கியது. ஃபார் பெயரில் 1916-ல் காப்புரிமை. லாரியின் முதுகில் கிரீஸ் தடவிய தட்டு, அதில் பின்பக்கம் திறந்த ஒரு பிளவு. டிரெய்லரின் அடியில் தொங்கும் கிங் பின் அந்தப் பிளவுக்குள் நுழைந்ததும் இரும்புத் தாடை கவ்விக்கொள்ளும். கடலூர் சிப்காட் பக்கம் நிற்கிற கன்டெய்னர் லாரிகளைக் குனிந்து பாருங்கள், அதே தட்டுதான்.

இதன் அருமை திருப்புவதோடு நிற்கவில்லை. பாரவண்டியில் கரும்பு அடுக்குகிறவர் முன்பாரம் பின்பாரம் பார்த்தே அடுக்குவார். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். அரவைப் பருவத்தில் நெல்லிக்குப்பம் ஆலைக்கும் சேத்தியாத்தோப்பு ஆலைக்கும் போகிற டிராக்டர்களுக்கும் இதே கணக்கு உண்டு. டிரெய்லரின் பாரம் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிற கொக்கியை அமுக்கும்போது முன் சக்கரம் லேசாகிவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி கேட்காது. ஐந்தாவது சக்கரமோ பாரத்தைப் பின் அச்சின் மேலேயே, அல்லது சற்று முன்னால், உட்கார வைக்கிறது. முன் சக்கரம் தரையை விடாது. இந்த ஒரு குணத்துக்காகவே இதை நான் பெரிய கண்டுபிடிப்பு என்பேன்.

லாரிக்குப் பிறந்ததை வீட்டு வண்டிக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் விமான முன்னோடி கிளென் கர்ட்டிஸ். 1920-களின் கடைசியில் அவர் ஏரோகார் என்ற நடமாடும் வீட்டைக் கட்டினார். இழுக்கிற காரின் பின்பகுதியில் காற்றடைத்த விமானச் சக்கரம் ஒன்றைப் படுக்க வைத்து, அதன் நடுவில் டிரெய்லரின் பின்னை இறக்கினார். சாலையின் குலுக்கலை ரப்பரே வாங்கிக்கொண்டது. ஐந்தாவது சக்கரம் மெய்யாகவே சக்கரமாக இருந்தது அந்த வண்டியில்தான்.

பிறகு அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் தொட்டிக்குள்ளேயே தட்டைப் பொருத்தி, அதன் மேல் முகாம் வீட்டை ஏற்றும் வழக்கம் பரவியது. அங்கேதான் எந்த பிக்கப்புக்கு எந்த வீடு என்று ஜோடி சேர்க்கிற கேள்வி வந்தது. பலரும் இழுவைத் திறனை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். முகாம் வீட்டின் எடையில் சுமார் 15 முதல் 25 சதவீதம் வரை கிங் பின்னில் இறங்கும். வீடு 5,000 கிலோ, இறங்குவது 20 சதவீதம் என்றால் 1,000 கிலோ பிக்கப்பின் முதுகில். அதோடு தட்டின் எடை, ஆட்கள், சாமான். இழுக்கும் எஞ்சினுக்குத் திராணி இருக்கும்; சுமக்கும் வில்லுக்கும் பின் டயருக்கும் இருக்காது. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிற எடைச் சீட்டைப் படித்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

தொட்டி குட்டையாக இருந்தால் இன்னொரு வம்பு: கூர்மையாகத் திரும்பும்போது வீட்டின் முன்மூலை கேபின் கண்ணாடியில் இடிக்கும். அதற்காகப் பின்னால் நகர்ந்துகொடுக்கும் தட்டுகள் உண்டு. உயரமும் பொருந்த வேண்டும். தொட்டியின் விளிம்புக்கும் வீட்டின் அடிக்கும் அரையடியாவது இடைவெளி இல்லாவிட்டால் மேடு பள்ளத்தில் தகரம் நசுங்கும்.

பூட்டியதும் கிளம்பிவிடக் கூடாது. தாடை பின்னை முழுதாகக் கவ்வியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை மெல்ல முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். டிரெய்லரின் தாங்குகாலை அதன் பிறகுதான் மடக்க வேண்டும்.