குன்னூர் எலிகளும் எங்க ஊர் தராசும்



"இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று எங்க பக்கம் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். இந்தத் தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் எங்க நல்லூரில் எட்டுப் பேர் சேர்ந்து அந்தப் பழமொழியின் ரெண்டாம் பாதியைச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு பண்ணினோம். சித்திரைக்கனி வரைக்கும் கெடு. யார் அதிகம் எடை குறைக்கிறாரோ அவர் ஜெயித்தவர். கடைசியில் நிற்கிறவர் எல்லோருக்கும் கிடாவிருந்து போட வேண்டும். எடை குறைத்ததற்குக் கிடாவிருந்தா என்று என் வீட்டம்மா கேட்டது நியாயம்தான்.

எடை போட்டது ஒரு மச்சான் கம்பெனியில் துணி ரோல் நிறுக்கிற தராசில். ஞாயிறு காலையில் ஒவ்வொருத்தராக ஏறி நிற்போம். எடை போடுவது அஞ்சு நிமிஷம், அதுக்கப்புறம் சண்டை ஒரு மணி நேரம். ஒரு மாப்பிள்ளை பேலியோ. சோறு, சப்பாத்தி, சர்க்கரை எதுவும் தொடமாட்டான். முட்டை, பாதாம், பன்னீர், கறி என்று போகும். ஒரு பெரியப்பா சிறுதானியக் கட்சி. "கம்பும் சாமையும் தின்ன நம்ம அப்பாரு எவராச்சும் குண்டா இருந்தாங்களாடா?" என்பார். ஓவர்லாக் டைலர் ஒருத்தர் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டார். மதியம் சாப்பிட்டால் அடுத்து மறுநாள் காலைதான்.

இந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் பழைய விஷயங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கோவைச் சீமையில் "என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது" என்ற வாக்குவாதம் நூற்றைம்பது வருஷமாக நடக்கிறதுங்க. அதில் முதல் வாக்குவாதம் கேட்டால் வயிறு கலங்கும்.

1876-ல் தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் ரொம்ப அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் கோயமுத்தூரும் உண்டு. கல் உடைக்க, ரோடு போட, குளம் வெட்ட என்று நிவாரண வேலை திறந்தார்கள். அதில் கூலி எவ்வளவு கொடுப்பது? வைஸ்ராய் லிட்டன் பிரபு 1877 ஜனவரியில் ரிச்சர்டு டெம்பிள் என்பவரை இங்கே அனுப்பினார். ஒரு ஆள் உயிரோடு இருக்க நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்றார் டெம்பிள். நம்ம கணக்கில் சுமார் 450 கிராம். அந்தத் தானியம் வாங்கும் காசும், மேற்கொண்டு கொஞ்சம் சில்லறையும்தான் கூலி. அதை வாங்கிக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் மண் சுமக்க வேண்டும்.

இதை எதிர்த்து நின்றவர் சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் என்ற டாக்டர். இந்த மாகாணத்து ஜனங்கள் என்ன தின்கிறார்கள் என்று 1863-லேயே விசாரித்து அறிக்கை எழுதியவர் அவர். தானியம் மட்டும் போதாது, பருப்பு வேணும், காய் வேணும், வேலை செய்கிற உடம்புக்கு ஒரு பவுண்டு பத்தாது என்று திரும்பத் திரும்ப எழுதினார். ஜெயிலில் இருக்கிற கைதிக்கே இதைவிட அதிகமாகப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. சில மாதங்களில் சென்னை அரசு அந்தக் கூலியைக் கைவிட்டது. அதற்குள் போன உயிர் போனதுதான். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். 1871-ல் எடுத்த ஜனக் கணக்கைவிட 1881-ல் கோயமுத்தூர் ஜில்லா ஜனத்தொகை குறைந்துபோனது. பத்து வருஷத்தில் பிறந்த குழந்தைகளை எல்லாம் சேர்த்தும் குறைவு.

பெரியப்பா சொல்கிற "குண்டா இல்லாத அப்பாரு" இந்தப் பஞ்சத்தில் மிஞ்சியவர்களின் பேரன்தான். அவர் ஒல்லியாக இருந்ததற்குக் கம்பைப் பாராட்டுவதா, பசியைச் சொல்வதா? இதை நான் தராசுப் பக்கத்தில் நின்று கேட்டேன். பெரியப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இன்னொரு வேடிக்கை பாருங்க. கார்னிஷ் அறிக்கை எழுதிய அதே 1863-ல், லண்டனில் வில்லியம் பான்டிங் என்ற ஒருத்தர் சின்னப் புத்தகம் ஒன்று போட்டார். இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்கிற தொழில் அவருக்கு. குனிந்து செருப்பு மாட்ட முடியாத அளவுக்கு உடம்பு. காது கேட்கவில்லை என்று போன இடத்தில், ஹார்வி என்ற டாக்டர் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னார். கறியும் மீனும் சாப்பிட்டு ஒரு வருஷத்தில் 46 பவுண்டு, அதாவது சுமார் 21 கிலோ, குறைந்தார் பான்டிங். எங்க மாப்பிள்ளை நேற்று வந்த ஞானம் மாதிரி பேசுகிறானே, அது நூற்றறுபது வருஷப் பழசு. தமிழில் அது பரவியது 2010-களில். நியாண்டர் செல்வன் முகநூலில் நடத்திய 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' குழுவும் அவர் எழுதிய 'பேலியோ டயட்' புத்தகமும்தான் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அதே சமயத்தில் டாக்டர் கு. சிவராமன் 'ஆறாம் திணை' எழுதி, கம்பையும் தினையையும் பட்டணத்து ஆட்கள் கடையில் கேட்டு வாங்க வைத்தார். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் பேசியதும் அதுக்கு முன்னாடியே காதில் விழுந்திருந்தது.

இனி குன்னூருக்கு வருவோம். நாங்கள் சண்டை போட்ட விஷயத்தை ஒருத்தர் தராசு வைத்தே நிறுத்துப் பார்த்திருக்கிறார், அதுவும் நம்ம மலைமேல். ராபர்ட் மெக்கரிசன், ராணுவ டாக்டர், அயர்லாந்துக்காரர். 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் பெரிபெரி என்ற நோயை ஆராய உட்கார்ந்தார். பச்சரிசியை மில்லில் வெள்ளை வெளேர் என்று தீட்டித் தின்றால் கால் மரத்து, வீங்கி, இதயம் படுத்துவிடும் நோய் அது. தவிட்டோடு சேர்ந்து வைட்டமின் போய்விடுகிறது. நாம் நெல்லை ஊறவைத்து வேகவைத்துக் காயப்போட்டுப் புழுங்கல் ஆக்குகிறோமே, அப்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிக்கொள்கிறது. அதனால் புழுங்கலரிசி தின்கிறவர்களுக்கு அந்த நோய் அவ்வளவாக வரவில்லை. நெல்லு வேகவைத்த நம்ம ஆத்தாமாருக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது.

அங்கே இருந்தபோதுதான் மெக்கரிசன் எலிப் பந்தயம் வைத்தார். ஒரே வயசு, ஒரே எடையில் இருபது இருபது எலியாக ஏழு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒரு பகுதி ஜனங்கள் சாப்பிடுகிற சாப்பாடு. 140 நாள் கழித்து நிறுத்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலி சராசரி 235 கிராம். பட்டாணியர் 230, மராட்டியர் 225, கூர்க்கர் 200, கன்னடர் 185, வங்காளி 180. கடைசியில் மதராஸி, 155 கிராம். நாமதான்!

ஒன்றைக் கவனிங்க. அந்தப் பந்தயத்தில் எடை கூடினவன் ஜெயித்தான். வளர்கிற குட்டி எலி என்பதால் அது சரி. எங்க பந்தயம் தலைகீழ். நூறு வருஷத்துக்குள் நம்ம கவலையே தலைகீழாகிவிட்டது.

ஜெயித்த சீக்கியச் சாப்பாடு என்ன? தவிடு நீக்காத கோதுமைச் சப்பாத்தி, பால், தயிர், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்போதாவது கறி. மாப்பிள்ளையிடம் காட்டினேன். "பாலும் வெண்ணெயும் இருக்குதுல்ல மாமா" என்றான். பெரியப்பாவிடம் காட்டினால் "தவிடோட இருக்கிற தானியம், அதைத்தான நானும் சொல்றேன்" என்கிறார். தோற்ற மதராஸிச் சாப்பாடு தீட்டின அரிசி, துளி பருப்பு, துளி காய், பால் இல்லை என்கிற அளவு. என் கணக்கில் அது தமிழன் சாப்பாடு இல்லை, ஏழையின் சாப்பாடு. கம்மஞ்சோறும் மோரும் கொள்ளுப்பருப்பும் கீரையும் ஒழுங்காகக் கிடைத்த வீட்டுச் சாப்பாட்டை அந்தப் பட்டியலில் நான் காணவில்லை.

விவசாயி என்ற முறையில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. மெக்கரிசன் கோயமுத்தூர் வேளாண் ரசாயன விஞ்ஞானி விஸ்வநாத்தோடு சேர்ந்து 1920-களில் இன்னொரு சோதனையும் செய்தார். கோயமுத்தூரில் 1909 முதல் ஒரே வயலில் பாத்தி பிரித்து, ஒன்றுக்குத் தொழு உரம், இன்னொன்றுக்கு ரசாயன உரம், வேறொன்றுக்கு எதுவுமே இல்லை என்று வருஷாவருஷம் விதைத்து வந்தார்கள். அங்கே விளைந்த சிறுதானியத்தையும் கோதுமையையும் தின்னக் கொடுத்துப் பார்த்ததில், தொழு உரத்தில் விளைந்தது சத்து மிகுந்தது என்று எழுதினார்கள். பின்னாளில் உலகம் முழுக்க இயற்கை விவசாயம் பேசியவர்கள் மெக்கரிசனைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். எங்க தராசுச் சண்டையில் தானியமா கறியா என்றுதான் பேசினோம். அந்தத் தானியம் எந்த மண்ணில் விளைந்தது என்று எட்டுப் பேரில் ஒருத்தரும் கேட்கவில்லை.

மெக்கரிசன் 1935-ல் ஓய்வு பெற்றார். அவருக்கு அடுத்து வந்த அய்க்ராய்டு எந்த உணவில் என்ன சத்து என்று பட்டியல் போட்டு வெளியிட்டார். 1958-ல் அந்த ஆய்வகம் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

பிறகு எப்படிப் பெருத்தோம்? சோறு மட்டும் காரணம் இல்லைங்க. 1932-ல் பைக்காரா மின்சாரம் மலை இறங்கி வந்தது. கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வந்தது. மாட்டோடு மனுஷனும் முன்னும் பின்னும் நடந்து கவலை இறைத்த வேலை போனது. 1967-ல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று சென்னையிலும் கோவையிலும் போட்டார்கள். என் அமுச்சிக்கு நெல்லுச்சோறு என்றால் தீபாவளி, பொங்கல், நோம்பி. அதைத் தினமும் தின்னலாம் என்றபோது அவங்க முகத்தில் இருந்த கௌரவத்தை எந்த டயட்காரரும் குறைசொல்லக் கூடாது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-ல் இலவசம். இதற்கிடையில் பனியன் தொழில் வந்தது. காட்டில் நின்ற கால்கள் ஸ்டூலில் உட்கார்ந்தன. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிய ராத்திரி. நடுவில் ரெண்டு டீ, பன்னு, வடை, பப்ஸ். சனிக்கிழமை சம்பளம், அன்று ராத்திரி புரோட்டா.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேருக்கு எடை கூடுதல். அதற்கு முந்தைய 2015-16 கணக்கில் 30.9, 28.2. அஞ்சாறு வருஷத்தில் இப்படி.

அந்த டைலர் கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஏழாவது வாரம் அவர்தான் ரெண்டாம் இடம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், ராத்திரிச் சாப்பாட்டை விட்டபோது மாத்திரையை மட்டும் விடவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் காலை மிஷினிலேயே வேர்த்து ஊற்றிச் சரிந்துவிட்டார். சர்க்கரை இறங்கிப்போயிருந்தது. பக்கத்து மிஷின் பொண்ணு சமயோசிதமாகச் சர்க்கரைத் தண்ணி கொடுத்ததால் தப்பினார். "சோறு வேணாம்னு சொன்னீங்க, மாத்திரைய யாரு பார்க்கறது?" என்று அவர் சம்சாரம் கேட்டபோது, பேலியோ, சிறுதானியம், பட்டினி மூன்று கட்சிக்காரரும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் மாத்திரையைக் குறைத்து, மூன்று வேளையும் அளவாகச் சாப்பிடச் சொல்லிவிட்டார். பட்டினி போட்டுச் சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்தால் முதலில் உங்க டாக்டரைப் பாருங்க.

சித்திரைக்கனியன்று மாப்பிள்ளை ஒன்பது கிலோ குறைந்து ஜெயித்தான். ஆடிக்குள் நாலு திரும்பி வந்துவிட்டது. பெரியப்பா மூன்று கிலோ. ஆனால் அவர் தினமும் காட்டைச் சுற்றி நடக்கிறார். அதைக் கம்பின் கணக்கில் எழுதிக்கொண்டார்.

2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அந்த வருஷம் மே மாதம் நம்ம அரசு நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் ரேஷனில் ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக ரெண்டு கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தது. எலிகளை நிறுத்த குன்னூர் நீலகிரியில்தான் இருக்கிறது. நல்லூரில் நாங்கள் ராகியைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம்.