பெயர் வினையான கதை



கல்லூரியில் நான் முதலாண்டு பயின்றபொழுது இரண்டு நாள் காய்ச்சலாய்க் கிடந்து, மூன்றாம் நாள் வகுப்புக்குச் சென்றேன். வராமைக்குக் காரணம் எழுதித் தருமாறு ஆங்கில ஆசிரியர் பணித்தார். எனக்கோ புதிதாகக் கற்ற சொல்லை எங்கேனும் வைத்து எழுதிவிட வேண்டும் என்னும் ஆவல். செய்தித்தாளில் அடிக்கடி கண்ட ‘பாய்காட்’ என்னும் வினைச்சொல்லுக்குப் ‘போகாதிருத்தல்’ என்றே பொருள் கொண்டிருந்தேன். ஆதலின், காய்ச்சலின் காரணமாக நான் வகுப்பிலிருந்து பாய்காட் செய்தேன் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் அதனைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, உனக்கு யார்மேல் சினம்? என்மேலா, காய்ச்சலின்மேலா?” என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது.

அன்று மாலை நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன். ‘பாய்’ என்றால் சிறுவன், ‘காட்’ என்றால் கட்டில் என்று நான் முன்னமே பிரித்துப் பார்த்துப் பொருள் விளங்காமல் விட்டிருந்தேன். அகராதியோ, அது ஒரு மனிதரின் பெயர் என்றது. அந்த மனிதரைத் தேடிச் சென்ற என் படிப்பு, அயர்லாந்து நாட்டு உழவர்களிடம் என்னைக் கொண்டு சேர்த்தது.

அயர்லாந்தின் மேற்கே மேயோ என்னும் மாவட்டம் உளது. அங்கே நிலம் பெரும்பாலும் பிரபுக்களின் உடைமை; உழுபவர் வாரத்துக்கும் குத்தகைக்கும் இருந்த ஏழைகள். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் கொடுமையை அவர்கள் மறந்திலர். 1879-இல் விளைச்சல் மீண்டும் பொய்த்தது. அவ்வாண்டு அக்டோபரில் உழவர்கள் நிலச் சங்கம் ஒன்றை நிறுவினர். பார்னெல் அதன் தலைவரானார். 1880 செப்டம்பர் 19-இல் என்னிஸ் என்னும் ஊரில் பேசிய பார்னெல், உழவர் ஒருவரை வெளியேற்றிய நிலத்தை மற்றொருவர் ஏற்றால் அவரை என்செய்வது என்று மக்களைக் கேட்டார். சுட்டுவிடலாம் என்று கூட்டத்தில் குரல் எழுந்தது. அதனினும் நல்ல வழியுண்டு என்றார் பார்னெல்: சாலையிலும் கடையிலும் கோவிலிலும் அவரோடு எவரும் பேசாது, அவரைத் தனியே விட்டுவிடுவது.

அவ்வழி முதன்முதலில் பெரிய அளவில் பாய்ந்தது, அவர் குறித்த வகையினர்மீது அன்று. ஏர்ன் பிரபுவின் நிலங்களை மேற்பார்த்துக் குத்தகை தண்டிய முகவர் சார்லஸ் பாய்காட் என்பவர்மீது. லாக் மாஸ்க் ஏரிக்கரை மாளிகையில் அவர் வாழ்ந்தார். உழவர் நூற்றுக்கு 25 பங்கு குத்தகைக் குறைப்பு வேண்டினர். பிரபு 10 பங்குக்குமேல் இசையவில்லை. பாய்காட் வெளியேற்ற அறிவிப்புகளை அனுப்பினார். கொணர்ந்தவரை ஊர்ப் பெண்கள் சேற்றையும் சாணத்தையும் வீசித் துரத்தினர். அதன்பின் ஊரே விலகிக்கொண்டது. பண்ணையாட்கள் போயினர், வீட்டுப் பணியாளரும் போயினர். கொல்லர் குதிரைக்கு லாடம் அடிக்க மறுத்தார். கடைக்காரர் பண்டம் விற்க மறுத்தனர். விளைந்த கிழங்கு மண்ணிலேயே கிடந்தது.

பாய்காட் தம் துயரை இலண்டன் ‘டைம்ஸ்’ இதழுக்கு எழுத, அது நாடறிந்த செய்தியாயிற்று. வடபகுதியிலிருந்து 50 தொண்டர்கள் அறுவடைக்கு வந்தனர். அவர்களைக் காக்க ஏறக்குறைய ஆயிரம் படைவீரரும் காவலரும் வந்தனர். சுமார் 500 பவுன் பெறுமான விளைவைக் காக்க 10,000 பவுன் செலவாயிற்று என்று அக்காலத்தார் கணக்கிட்டனர். முடிவில் பாய்காட் குடும்பத்தை ஏற்றிச்செல்ல வண்டியோட்ட உள்ளூரில் ஒருவரும் முன்வரவில்லை. படையின் மருத்துவ வண்டியிலேதான் அவர் புறப்பட்டார்.

சொல் பிறந்தது எப்படி? அமெரிக்கச் செய்தியாளர் ஜேம்ஸ் ரெட்பாத், ஓ’மாலி என்னும் உள்ளூர்ப் பாதிரியாரோடு உணவருந்துகையில், இச்செயலுக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று தயங்கினாராம். பண்டை ஏதென்சு நகரத்தார் பானை ஓட்டில் பெயர் எழுதி ஒருவரை நாடு கடத்திய வழக்கத்திலிருந்து வந்த ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்னும் சொல் ஏற்கெனவே இருந்தது. அஃது உழவர் வாயில் நுழையாது என்று எண்ணிய பாதிரியார், அந்த முகவர் பெயரையே வினையாக்கிவிட்டால் என்ன என்றார். ரெட்பாத் தாமே எழுதி வைத்த செய்தி இது. 1880-ஆம் ஆண்டு முடியுமுன்பே ஆங்கில இதழ்கள் அவ்வினையை எழுதத் தொடங்கின. பிரெஞ்சும் செருமனும் பிறகு அதனை எடுத்துக்கொண்டன.

இப்பொழுது என் பிழைக்கு வருகிறேன். அது ஒன்றன்று, இரண்டு. முதலாவது இலக்கணப் பிழை. இவ்வினை செயப்படுபொருளை நேரே கொள்வது. ‘கூட்டத்தைப் புறக்கணித்தனர்’ என்று நாம் ‘ஐ’ உருபு கொடுக்கிறோமேயன்றிக் ‘கூட்டத்திலிருந்து புறக்கணித்தனர்’ என்பதில்லை. ஆங்கிலத்திலும் இடையே ‘ஃப்ரம்’ என்ற சொல்லுக்கு இடமில்லை. மற்றது பொருட்பிழை. வராதிருத்தல் மட்டும் பாய்காட் ஆகாது. ஒரு குறை இருத்தல் வேண்டும். அதனை எதிர்க்கும் கருத்தோடு, பிறர் அறிய, வேண்டுமென்றே உறவை விலக்குதல் வேண்டும். காய்ச்சலுக்கு அக்கருத்து ஏது?

மொழிபெயர்ப்பிலும் வழுக்கலுண்டு. முன்பு ‘பகிஷ்காரம்’ என்றனர். இன்று ‘புறக்கணிப்பு’ என்கிறோம். ஆயின் ‘என் ஐயத்தை ஆசிரியர் புறக்கணித்தார்’ என்பதில் அசட்டையே உளது, பாய்காட் இல்லை. அங்கே ஆங்கிலத்தில் வேறு சொல்லே வேண்டும்.

நம் நாட்டு வரலாற்றில் இச்சொல்லுக்குப் பெரும்பங்கு உண்டு. வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905 ஆகஸ்ட் 7-இல் கல்கத்தாவில் கூடியோர் அயல்நாட்டுப் பண்டங்களைப் புறக்கணிக்க உறுதி பூண்டனர். 1928-இல் சைமன் குழுவைப் பல கட்சிகள் புறக்கணித்தன. காந்தியடிகளுக்கோ இச்சொல்லில் முழு மனநிறைவு இல்லை. 1919 நவம்பரில் தில்லிக் கூட்டமொன்றில் பிரிட்டிஷ் பண்டப் புறக்கணிப்பை அவர் ஏற்கவில்லை. தம் கருத்துக்கு இந்தியிலும் உருதுவிலும் தக்க சொல் கிட்டாமல், ‘ஒத்துழையாமை’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை அப்பொழுதே முதன்முதலாக வழங்கினார்.

இதே வினைக்கு இருண்ட பக்கமும் உண்டு. அதனை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. மேயோவில் ஏழைகள் வலியோரின் முகவரை விலக்கினர். நம் சிற்றூர்களிலோ, நிலமும் கடையும் கிணறும் உடையோர், உரிமை கேட்ட எளியோருக்கு வேலையும் அரிசியும் மறுத்ததற்கும் ‘சமூக பாய்காட்’ என்றே பெயர். அம்பேத்கர் 1927-இல் தொடங்கிய இதழுக்குப் ‘பகிஷ்கிருத பாரத்’, அதாவது விலக்கப்பட்ட பாரதம், என்று பெயரிட்டார். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தில், 2015-இல் செய்த திருத்தம் அவர்கள்மீது ஏவப்படும் இத்தகைய விலக்கத்தைக் குற்றமாக்கியது. இவ்வினை வரும் வாக்கியத்தைக் காணுந்தோறும் எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என்று நான் பார்ப்பது இதனால்தான்.

பாய்காட் 1886-இல் இங்கிலாந்தின் சபோக் பகுதிக்குச் சென்று அங்கும் நில முகவராகவே பணிபுரிந்து, 1897-இல் காலமானார். அவர் உயிரோடு இருக்கையிலேயே அவர் பெயர் அகராதி ஏறிவிட்டது.

நான் மறுநாள் வேறு கடிதம் எழுதிக் கொடுத்தேன். காய்ச்சலால் வர இயலவில்லை என்பதற்குமேல் அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆசிரியர் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.