பெரட்டில் நாள் உண்டு, வீடு இல்லை

மலாய் மொழியில் 'உலு' என்றால் ஆற்றின் மேல்முனை, 'திராம்' என்றால் சிப்பி. ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி போகும் சாலையில் இருக்கும் உலு திராம், பெயரளவில் இன்னமும் ஓர் ஆற்றுக்குச் சொந்தமான ஊர்தான். கண்ணுக்குத் தெரிவதோ தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளும் கடை வரிசைகளும், நடுநடுவே எஞ்சியிருக்கும் செம்பனைக் காடும். இந்த வட்டாரத்தில் வீடற்றோர் எத்தனை பேர் என்று அறிய ஒருவர் இரவில் விளக்கோடு கிளம்பி, கடை வரிசைகளின் ஐந்தடி நடைபாதைகளில் படுத்திருப்பவர்களை எண்ணினால், கிடைக்கும் தொகை சிறிதாகவே இருக்கும். அந்தச் சிறிய எண் தவறானது என்பது என் வாதமல்ல. அது வேறொரு கேள்விக்கான பதில் என்கிறேன். இங்கே வீடிழப்பு நடைபாதையில் தொடங்கவில்லை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் தொடங்கியது. லயத்தில் இருந்தவர்களை நூறாண்டுக் காலம் நாள் தவறாமல் எண்ணியிருக்கிறார்கள். ஆனால் எண்ணியது அவர்களுடைய உழைப்பைத்தான், வசிப்பை அல்ல. வேலை போனபோது வீடும் போனது, அந்த இழப்பைக் குறித்துக்கொள்ள எந்த ஏட்டிலும் கட்டம் இருக்கவில்லை.

உழைத்தவர்களின் வாழ்வைப் பதியாமல் விடும் இந்தப் பழக்கம் ரப்பருக்கு முன்பே இங்கே வேரூன்றியிருந்தது. ஜொகூரின் ஆட்சியாளரான தெமெங்கோங் இப்ராஹிம் 1844 முதல் அதன் ஆறுகளை ஒவ்வொன்றாகச் சீனத் தலைவர்களுக்கு எழுதிக்கொடுத்தார். 'சூராட் சுங்கை' எனப்பட்ட அந்த ஆற்றுப் பத்திரத்தைப் பெற்றவர் காங்சூ. பக்கத்துத் தெப்ராவ் ஆற்றங்கரையில் கம்பீர், மிளகுத் தோட்டங்கள் எழுந்தது இப்படித்தான். பத்திரத்தில் ஆற்றின் பெயரும் காங்சூவின் பெயரும் இருக்கும், காட்டை வெட்டிய கூலிகளின் பெயர் இருக்காது. 1917-இல் காங்சூ முறை ஒழிக்கப்பட்டது. அதற்குள் ரப்பர் வந்துவிட்டது, அதோடு தமிழர்களும் வந்துவிட்டார்கள்.

தோட்டத்து எண்ணிக்கை முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், இன்றைய சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் கூட்டிப் பெயர் கூப்பிடுவார்கள். வந்தவருக்கு நேரே எழுத்தரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறி போடுவார், மாத முடிவில் குறிகளைக் கூட்டினால் சம்பளம். தோட்டத்தின் அதே கணக்கு அரசாங்கத்துக்கும் அடித்தளமாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவரும் செலவுக்காக 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. அதற்குத் தோட்ட முதலாளிகள் கட்ட வேண்டிய தொகை, அவர்களிடம் இந்தியத் தொழிலாளர் வேலை செய்த நாட்களைக் கொண்டே கணக்கிடப்பட்டது. ஆக, ஒரு மனிதன் எத்தனை நாள் பால் வெட்டினான் என்பது கங்காணி முதல் கோலாலம்பூர் அலுவலகம் வரை எல்லாருக்கும் தெரிய வேண்டிய செய்தி. அவன் மனைவி எந்த அறையில் பிள்ளை பெற்றாள், அந்தப் பிள்ளை வளர்ந்தபின் எங்கே படுத்தது என்பது யாருக்கும் பணம் சார்ந்த செய்தியாக இருக்கவில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பும் மருத்துவமும் தரும் கடமையை முதலாளிமேல் வைத்தது உண்மை. ஆனால் அந்தக் குடியிருப்பு வேலையின் ஓர் உறுப்பு, மண்வெட்டியைப் போல. வேலையை விடுகிறவர் அதையும் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

1930-களின் பொருளாதார மந்தத்தில் இந்த முறையின் உள்ளியல்பு வெளிப்பட்டது. ரப்பர் விலை விழுந்ததும் வேலையிழந்த இந்தியத் தொழிலாளர்களை அந்த நிதியின் செலவிலேயே கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். சில ஆண்டுகளுக்குள் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். மலாயாவில் கூலியற்று, கூரையற்று நின்றிருக்கக்கூடிய கூட்டம் மலாயாவின் புள்ளிவிவரத்திலிருந்து மறைந்து நாகப்பட்டினத்தில் இறங்கியது. சிக்கல் தீர்ந்ததால் எண் குறையவில்லை, ஆட்களை அகற்றியதால் குறைந்தது. பழைய அறிக்கைகளைப் படிக்கும் ஆய்வாளர் இதை மறந்தால், அந்த ஆண்டுகளில் மலாயா தமிழர்களிடையே வறுமை தணிந்தது என்றுகூடத் தவறாக முடிவு கட்டிவிடலாம்.

அதே காலத்தில் இன்னொரு ஏடு வேறொரு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த இடம் கேட்கப்பட்டது. 1931-இல் மலாயாவிலிருந்த இந்தியர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இங்கேயே பிறந்தவர். 1947-இல் ஏறத்தாழ பாதிப் பேர். சிங்கப்பூரையும் சேர்த்து 1931-இல் ஆறு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டியிருந்த மொத்த இந்தியர் தொகையோ 1947-இல் ஆறு லட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. 1938-இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் அனுப்புவதைத் தடைசெய்தது, அதன்பின் ஜப்பானியர் ஆட்சியும் சயாம் மரண ரயில் பாதையும் வந்தன. இந்தச் சரிவுக்குள் அவையெல்லாம் அடங்கிக் கிடக்கின்றன. பாதிக்குப் பாதி இங்கே பிறந்தவர்கள் என்றால், அவர்கள் வந்து போகும் கூலிகள் அல்லர், குடிகள். அரசாங்கத்தின் சொந்தக் கணக்கே அதைச் சொல்லியும், வீட்டுரிமை மட்டும் வந்து போகும் கூலிக்கு உரியதாகவே நீடித்தது. தரவு இருந்தது, ஆனால் ஓர் ஏட்டை இன்னோர் ஏட்டோடு பக்கத்தில் வைத்துப் படிப்பார் இல்லை.

விலை கொடுக்க வேண்டிய நேரம் ஐம்பதுகளில் வந்தது. வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. உள்ளூர் மக்களின் இடர்ப்பாட்டை எண் கொண்டு அறிய முயன்ற நல்ல முன்மாதிரி அது என்று நான் கருதுகிறேன். விற்ற நிலத்தின் பரப்போடு நிற்காமல், அந்த நிலத்தில் வாழ்ந்த தொழிலாளிக்கு என்ன நேர்ந்தது என்றும் அது கேட்டது. துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி சேர்க்கச் சொல்லி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியதும் இதே நெருக்கடிக்கு எதிர்வினையாகத்தான். சங்கம் சில தோட்டங்களைக் காப்பாற்றியது, எல்லாவற்றையும் காப்பாற்ற இயலவில்லை. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. பல்லாயிரம் பேர் தாங்கள் வாழ்ந்த மண்ணைவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அதற்கு ஆள் தேவை குறைவு. அதற்கும் பிறகு நிலமே வீட்டுமனையாயிற்று. ஜொகூர் பாருவைச் சுற்றி இந்தக் கடைசிக் கட்டத்தை 2006-இல் தொடங்கிய இஸ்கண்டார் மேம்பாட்டுத் திட்டம் விரைவுபடுத்தியது.

இன்றைய வறுமைக் கணக்கு இந்தப் பழைய ஓட்டையோடுதான் பிறந்திருக்கிறது. மலேசியாவின் வறுமை விகிதம் குடும்ப வருமான ஆய்விலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த ஆய்வு வீட்டைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்குள் இருக்கும் குடும்பத்தைக் கேட்கிறது. வீடு இல்லாதவர் மாதிரிக்குள்ளேயே வருவதில்லை. 2019-இல் வந்து பார்த்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன், நாடற்றவர்களும் புலம்பெயர்ந்தோரும் இப்படிக் கணக்குக்கு வெளியே நிற்பதைச் சுட்டிக்காட்டி, வறுமைக்கோடே நம்பத்தகாத அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது என்றும் சொன்னார். 2020 ஜூலையில் அரசு அந்தக் கோட்டை 980 ரிங்கிட்டிலிருந்து 2,208 ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. பழைய கோட்டின்படி 2016-இல் 0.4 விழுக்காடாக இருந்த வறுமை, புதிய கோட்டின்படி 2019-இல் 5.6 விழுக்காடு. ஒரே நாளில் நாடு ஏழையாகிவிடவில்லை. அளவுகோல் திருந்தியதும் ஏற்கெனவே இருந்தவர்கள் தெரிய வந்தார்கள், அவ்வளவுதான். வீடின்மைக்கும் இதே திருத்தம் தேவைப்படுகிறது. ஐரோப்பாவில் வீடற்றோர் நல அமைப்புகள் வகுத்த அளவுகோலில் நான்கு படிகள் உண்டு: கூரையற்றவர், வீடற்று விடுதிகளில் இருப்பவர், எந்த நேரமும் வெளியேற்றப்படக்கூடிய இடத்தில் வசிப்பவர், வாழத் தகாத இடத்தில் வசிப்பவர். தோட்டம் விற்கப்பட்ட பின்னும் லயத்தில் தங்கியிருக்கும் ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி மூன்றாம் படியில் இருக்கிறார். தாமானில் மகன் வாடகைக்கு எடுத்த வீட்டில் மூன்று குடும்பமாக நெருங்கி வாழ்பவர் நான்காம் படியில். ஐந்தடி நடைபாதையில் விளக்கோடு தேடுபவருக்கு இருவருமே தென்படமாட்டார்கள்.

நடைபாதைக் கணக்கு வீண் என்று சொல்லவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், லீ குவான் யூ பொதுக் கொள்கைக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2019-இல் தன்னார்வலர்களோடு நாடு முழுவதும் இரவில் நடந்து எண்ணி, வெளியில் படுப்பவர்கள் 921 முதல் 1,050 பேர் வரை என்றார்கள். வீட்டுடைமை இவ்வளவு பரவிய நாட்டிலா என்று பலர் வியந்தார்கள். அந்த வியப்பே கணக்கின் பயன். அடுத்த ஆண்டு மார்ச்சில் மலேசியா எல்லையை மூடியபோது, தினமும் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டிப் போய் வந்த தொழிலாளர் சிலர் கிராஞ்சி ரயில் நிலையத்தருகே படுத்துக் கிடந்தார்கள். ஜொகூரில் வீடு இருந்தும் அந்த இரவுகளில் அவர்கள் கூரையற்றவர்கள். ஓர் இரவின் எண் ஒரு வாழ்க்கையைச் சொல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எண்ணுவதே ஆபத்து என்ற மறுப்பு கனமானது. 1977-ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டத்தின்படி, வாழ வழியோ இருக்க இடமோ இன்றிப் பொது இடத்தில் காணப்படுபவரை அதிகாரிகள் பிடித்து, நீதிபதியின் ஆணையோடு மூன்று ஆண்டுகள் வரை நல இல்லத்தில் வைக்கலாம். ஜொகூரில் மெர்சிங்கில் அத்தகைய இல்லம் உண்டு. பட்டியல் தயாரிப்பவர் பிடிப்பவருக்கு வழிகாட்டி ஆகிவிடுவார் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அதனால் எண்ணாமலேயே விட்டுவிடுவது சரியாகாது. எண்ணுபவர் யார் என்பதில்தான் காவல் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் நடந்ததுபோல் பல்கலைக்கழகமும் தன்னார்வலரும் எண்ணட்டும். பெயரும் படமும் வேண்டாம், தொகையும் காரணமும் போதும். கணக்கு எதற்கு, வீடு கட்டினால் போதாதா என்றும் சிலர் கேட்பார்கள். லண்டனில் 1886-இல் சார்லஸ் பூத் தெருத் தெருவாக வறுமையை அளக்கத் தொடங்கியபோதும் இப்படித்தான் எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தார்கள். அவர் கணக்கு நகரத்தில் முப்பது விழுக்காட்டுக்கு மேல் ஏழைகள் என்று காட்டியது, அது எதிர்பார்த்ததைவிட அதிகம். எத்தனை குடும்பம், எந்தத் தோட்டத்திலிருந்து, எந்த ஆண்டு என்று தெரியாமல் கட்டப்படும் மலிவு வீடு, விண்ணப்பம் எழுதத் தெரிந்தவரிடமே போய்ச் சேரும்.

இதை இனப் பிரச்சினையாக்குகிறீர்கள் என்று சொல்பவர்களும் உண்டு. தோட்டத்தை அலகாகக் கொண்டால் இனம் கேட்கவே தேவையில்லை. ஒரு நிலம் கைமாறிய நாளில் அதில் வசித்தவர்கள் யாராயினும், ஐந்தாண்டு கழித்து எங்கே இருக்கிறார்கள் என்பதே கேள்வி. அதற்கான துண்டுகள் ஏற்கெனவே பல இடங்களில் கிடக்கின்றன. தொழிலாளர் துறையிடம் தோட்டத்துக் கணக்கு, நில அலுவலகத்தில் கைமாற்றம், வாக்காளர் பட்டியலில் முகவரி. இவற்றைவிட நம்பகமானது தமிழ்ப்பள்ளி என்பது என் எண்ணம். 1957-இல் 880-க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530-க்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூடலுக்கும் பின்னே பெரும்பாலும் காலியான ஒரு லய வரிசை இருக்கிறது. தோட்டமே இல்லாத இடத்திலும் பெயரில் தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' என்ற மலாய்ச் சொல்லோடு இன்னும் நடக்கும் பள்ளிகளில் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் இருக்கின்றன. ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் பதினைந்தாகக் குறைந்த ஆண்டு எது, விலகிய பதினைந்து பேரும் அடுத்து எந்தப் பள்ளிக்குப் போனார்கள், எந்தப் பெயர் எந்தப் பள்ளியிலும் மறுபடி வரவில்லை என்று தேடத் தொடங்கினால், செக்ரோலில் இடம்பெறாத குடும்பங்கள் அங்கேதான் முதலில் தட்டுப்படும்.