மூதாதையர் பட்டியலும் முத்துக்குளித்துறையும்



செப்டம்பர் 8ஆம் நாள் அன்னை மரியாவின் பிறப்பு விழா. நம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களிலிருந்து காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் கடற்கரையில் கூடும் காலம் இது. அந்த விழாத் திருப்பலியின் நற்செய்தி, மத்தேயு எழுதிய இயேசுவின் மூதாதையர் பட்டியல். ஆபிரகாம் தொடங்கி மூன்று முறை பதினான்கு தலைமுறைகள். பெயர்கள் நீள நீள நம் கவனம் சிதறிவிடுகிறது. ஆனால் நம் சொந்த வீட்டுப் பெயர்ப் பட்டியலை யாராவது வாசித்தால் சிதறுமா? சென்ற ஆண்டு நம் பங்கு அலுவலகத்தில் அப்படி ஒரு பட்டியல் வாசிக்கப்பட்டது.

தூத்துக்குடியைச் சேர்ந்த ஓர் இளைஞர் இங்குள்ள ஷூ கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை பார்க்கிறார். அதே கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்யும் நம் பங்குப் பெண்ணை மணக்க விரும்பினார். ஓலை எழுத வந்த அன்று அவருடைய பெரியப்பாவும் கூட வந்திருந்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பாய்மரத் தோணி ஓட்டிய தண்டல்களின் குடும்பம் அது. பெரியவர் ஒரு நீளமான தாளை மேசைமேல் விரித்தார். அதில் ஏழு தலைமுறைப் பெயர்கள். "சாமி, எங்க வம்சம் இது. பொண்ணு வீட்டு வம்சத்தையும் ஏட்டுல கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். அவர் என்ன கேட்கிறார் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. பெண்ணின் தகப்பனார் தலை குனிந்து நின்றார்.

பதில் சொல்வதற்கு முன் அந்தத் தாளை மரியாதையோடு படித்தோம். மரியாதைக்குரிய தாள்தான் அது. அதன் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது.

வேம்பாறு முதல் கன்னியாகுமரி வரையுள்ள கரையை முத்துக்குளித்துறை என்பார்கள். அங்கு வாழ்ந்த பரதவர், 1530களில் முத்து வணிகத்தில் எழுந்த பகையால் நெருக்கப்பட்டு, கொச்சியிலிருந்த போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினார்கள். ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள் அங்கே போய்த் திருமுழுக்குப் பெற்றார்கள். அடுத்து 1536, 1537 ஆண்டுகளில் கரையெங்கும் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பெர்னாண்டோ, கோமஸ், ரோச், வாஸ், கோஸ்தா, ரொட்ரிகோ, மச்சாடோ என்ற பெயர்கள் இப்படித்தான் கரையேறின. ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துக்கீசியரின் பெயரே குடும்பத்தின் பெயராயிற்று. ஆகவே இரண்டு பெர்னாண்டோக்களைக் கண்டால் இரத்த உறவு என்று முடிவுகட்ட முடியாது.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் அந்தக் கரைக்கு வந்தபோது, மக்களுக்குப் பெயர் இருந்தது, மறைக்கல்வி இல்லை. செபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். 1544இல் வடுகர் படை தென்கோடி ஊர்களைச் சூறையாடியபோது மக்கள் கடற்பாறைகளில் ஒளிந்து பசியில் துடித்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளோடு உதவிக்குப் புறப்பட்டார். எதிர்க்காற்று தடுக்கவே, பின்னர் தரைவழியாக நடந்து போனார். இன்று பெருமையோடு சொல்லப்படும் வம்சங்களின் முன்னோர் அன்று அந்தப் பாறைகளில் பட்டினி கிடந்தவர்கள்.

பெயர்களை ஏட்டில் எழுதும் ஒழுங்கு எப்போது வந்தது? 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம், ஒவ்வொரு பங்குக்குருவும் திருமணங்களை மணமக்கள், சாட்சிகள், நாள், இடம் ஆகியவற்றோடு எழுதி வைக்க வேண்டும் என்றும், ஞானப்பெற்றோரின் பெயர்களையும் பதிய வேண்டும் என்றும் கட்டளையிட்டது. 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். கோவிலை இழந்தும் மக்கள் விசுவாசத்தை விடவில்லை. பனிமய மாதாவுக்குப் பொன்தேர் முதன்முதலில் ஓடிய 1806ஆம் ஆண்டையொட்டிய காலத்தில்தான் நம் பெரியவரின் தாளிலுள்ள முதல் பெயர் வருகிறது.

இத்தகைய குடும்பத்தின் வேரைத் தேடுவது எளிதல்ல. தாத்தாவின் பெயரைச் சுமப்பவன் என்பதால்தானே பெயரன், அதாவது பேரன் என்கிறோம்? அதனால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வரும். யார் தாத்தா, யார் பேரன் என்று பிரிக்க மனைவியின் பெயரைத்தான் பார்க்க வேண்டும். கடலில் போய் உடல் கிடைக்காதவருக்கு அடக்கப் பதிவு இராது. மகளின் திருமணப் பதிவில் 'காலஞ்சென்ற' என்று அவர் பெயருக்கு முன் வரும்போதுதான் அவர் திரும்பவில்லை என்பது தெரியும். 1908 முதல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டப்படி, எங்கே திருமணம் நடந்தாலும் திருமுழுக்குப் பெற்ற பங்குக்குத் தகவல் போய், பழைய ஏட்டின் ஓரத்தில் அது எழுதப்பட வேண்டும். ஊர் விட்டு ஊர் போனவர்களைத் தேடுவோருக்கு அந்த ஓரக்குறிப்பு பெரிய உதவி.

இனி நம் பங்கின் ஏட்டுக்கு வருவோம். 1952இல் வேலூர் மறைமாவட்டம் உருவாவதற்கு முன்பே எழுதப்பட்ட ஏடு. பெண்ணின் தாத்தாவுக்குத் தகப்பனார் வளர்ந்த வயதில் திருமுழுக்குப் பெற்றிருக்கிறார். தொழில், டேனரியில் ஆவாரம்பட்டை இடிப்பது. தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஞானத்தகப்பன் என்ற இடத்தில், அன்றைய உபதேசியாரின் பெயர். அதற்கு மேலே போக வழியில்லை.

பெரியவரிடம் அந்த வரியைக் காட்டிச் சொன்னோம்: "ஐயா, உங்கள் குலத்தில் முதலில் திருமுழுக்குப் பெற்றவருக்குப் பெயர் கொடுத்தவர் எங்கிருந்தோ கப்பலில் வந்த ஒரு ஞானத்தகப்பன். இந்தப் பெண்ணின் குலத்தில் பெயர் கொடுத்தவர் ஓர் உபதேசியார். அந்த வரியும் இந்த வரியும் ஒன்றுதான். நடுவில் நானூறு ஆண்டு, அவ்வளவே."

அன்பானவர்களே, மத்தேயு இதைத்தானே காட்டுகிறார்? தாவீதின் அரச வம்சத்தை எழுத வந்தவர், நடுவே தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி ஆகியோரையும் எழுதுகிறார். இராகாபு எரிகோவின் விலைமகள். ரூத்து மோவாபிலிருந்து வந்து, வயலில் சிந்திய கதிர் பொறுக்கியவள். மறைத்துவிட நினைக்கும் பெயர்களை மத்தேயு மறைக்கவில்லை. பட்டியலின் கடைசியில் இன்னும் பெரிய வியப்பு. நாற்பது தலைமுறை கடந்து வந்த அந்த வரிசை யோசேப்பிடம் வந்து நிற்கிறது. இயேசு அவருடைய இரத்தத்தில் பிறந்தவர் அல்ல. யோசேப்பு குழந்தையை ஏற்றுக்கொண்டார், அதற்குப் பெயரிட்டார். அந்த ஏற்பினாலேயே ஆண்டவர் தாவீதின் மகன் எனப்படுகிறார்.

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பெண்ணின் தகப்பனாரைப் பார்த்து, "தம்பி, அந்தத் தாத்தா பேரு என்ன? இதுல எழுதணும்" என்று தாளைத் திருப்பி வைத்தார். மூன்று ஞாயிறு இரண்டு பங்குகளிலும் ஓலை வாசிக்கப்பட்டது. நம் கோவிலில் நடந்த அந்தத் திருமணம் இப்போது தூத்துக்குடி ஏட்டின் ஓரத்திலும் இருக்கிறது.

எல்லா வீட்டிலும் இப்படி முடிவதில்லை என்பதை நாம் அறிவோம். எழுத வந்த ஓலையைத் திரும்பக் கேட்டவர்களும் உண்டு. கல்லறையைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்த ஊர்கள் நம் தமிழகத் திருச்சபையில் உண்டு. வம்சம் தேடுவது பாவமல்ல. அதை வைத்து அடுத்தவரைத் தலைகுனிய வைப்பதுதான் பாவம்.

இந்த வாரம் உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் உட்காருங்கள். தாத்தாவின் பெயரோடு பாட்டியின் பெயரையும் எழுதுங்கள். முதலில் திருமுழுக்குப் பெற்றவர் யார், அவருக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் யார் என்று கேளுங்கள். அந்த இருவருக்காகவும் ஒரு செபம் சொல்லுங்கள்.

எங்களைப் பெயர் சொல்லி அழைத்த ஆண்டவரே, கடலில் போனவர்களையும், தோல் பதனிட்டுத் தேய்ந்தவர்களையும், ஏட்டில் பெயர் இல்லாதவர்களையும் உம் வாழ்வின் ஏட்டில் ஒன்றாக எழுதியருளும். ஆமென்.