மூன்று வார இடைவெளியில் ஒரு சரித்திரம்

இன்றைய மாணவச் செல்வங்கள் கணினியில் ஓர் உதிரிபாகத்தை வரைந்து, இணையம் வழியாக ஒரு கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, சில நாளில் பார்சலில் வாங்கிக்கொள்கிறார்கள். எங்கள் காலத்தில் மாதிரி என்றால் பேட்டர்ன் ஷாப்தான். தேக்குக் கட்டை, உளி, உலோகம் ஆறும்போது எவ்வளவு சுருங்கும் என்று மனக்கணக்காகச் சொல்லும் மேஸ்திரி. அளவு தப்பினால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு! இந்த மாற்றத்தின் கதையைத் தேடிப் படித்தேன். அதில் பாதி பட்டறையில் இல்லை, காப்புரிமை அலுவலகத்தில் இருக்கிறது.

ஜப்பானில் நகோயா நகராட்சித் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஹிதேயோ கொடாமா, ஒளி பட்டால் இறுகும் பிசினை அடுக்கடுக்காக இறுக வைத்துப் பொருள் செய்யும் முறையை 1980-லேயே கண்டார். 1981-ல் கட்டுரையும் வெளியிட்டார். ஆனால் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர், கெடுவுக்குள் அடுத்த நடவடிக்கையை எடுக்கவில்லை. உரிமை கைநழுவியது. பிரான்சில் மூவர் 1984 ஜூலை 16-ல் விண்ணப்பித்தார்கள். இதில் என்ன வியாபாரம் இருக்கிறது என்று அவர்கள் கம்பெனி கைவிட்டுவிட்டது. மூன்றே வாரம் கழித்து, ஆகஸ்ட் 8-ல், அமெரிக்காவின் சக் ஹல் விண்ணப்பித்தார். 1986-ல் உரிமை அவருக்குக் கிடைத்தது. அவர் 1983-ல் செய்து பார்த்த முதல் பொருள் கண் கழுவும் ஒரு சின்னக் கிண்ணம், அவ்வளவுதான்!

ஹல்லின் இயந்திரத்துக்காக 1987-ல் உருவானது எஸ்.டி.எல். என்ற கோப்பு முறை. எப்பேர்ப்பட்ட வடிவமானாலும் அதன் மேற்பரப்பை முக்கோணங்களாகப் பிரித்து எழுதிவைப்பது. சாதாரண யோசனைதான், ஆனால் வரைபவர் ஓர் ஊரிலும் செய்பவர் வேறோர் ஊரிலும் இருக்கலாம் என்று ஆனதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு என்பேன்.

இதற்கிடையில் ஸ்காட் கிரம்ப் 1988-ல் மகளுக்குப் பொம்மைத் தவளை செய்ய, பசைத் துப்பாக்கியில் பிளாஸ்டிக்கையும் மெழுகையும் உருக்கி அடுக்கினார். அந்த முறைக்கும் காப்புரிமை வந்தது. இருபது வருஷம் விலை மலைமேல்! இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் போயர், தன் பாகங்களில் பலவற்றைத் தானே அச்சிடும் இயந்திரத்துக்கான திட்டத்தை 2005-ல் தொடங்கி, வரைபடங்களை இலவசமாகவே கொடுத்தார். 2009-ல் கிரம்பின் காப்புரிமையும் முடிந்தது. அதன் பிறகுதான் நம்ம பசங்க கைக்கு இயந்திரம் வந்தது.

இயந்திரம் இல்லாதவர்களுக்கும் வழி பிறந்தது. பிலிப்ஸ் நிறுவனத்துக்குள் 2007-ல் முளைத்த ஷேப்வேஸ், யார் கோப்பு அனுப்பினாலும் அச்சிட்டுக் கொடுத்தது. வடிவமைப்பாளர்கள் அங்கேயே கடையும் விரித்தார்கள். 2024 ஜூலையில் அது திவாலானது. பிறகு பழைய ஆட்கள் சிலர் சேர்ந்து அதை மீட்டெடுத்தார்கள் என்பது வேறு விஷயம். மூடியபோது அங்கே நடந்த விற்பனை நின்றது. எஸ்.டி.எல். கோப்பைத் தன் வீட்டுக் கணினியிலும் வைத்திருந்தவர்களுக்கு, வேறு கம்பெனியில் கொடுத்துச் செய்துகொள்ள வழி இருந்தது.